பழைய கஞ்சில் காரில் புறப்படும்போது இன்ஜின் நின்றுவிடுகிறது: தவறு காலிலா, காரிலா?

தோட்டத்து வாசல் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பாவுக்கு அருகிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் பெற்றோருடன் வசிக்கிறேன். மேனுவல் காருக்கான ‘டி’ உரிமம் எடுத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. புதிய ஓட்டுநர் என்று காட்டும் ‘பி’ ஒட்டியுடன் ஓட்டவேண்டிய இரண்டு ஆண்டுகளும் முடிந்துவிட்டன. ஆனால் அந்தக் காலம் முழுவதும் நான் ஓட்டியது அண்ணனின் ஆட்டோ கியர் மைவி காரை மட்டுமே. அண்ணன் இப்போது வேலைக்காக ஷா ஆலாமுக்குப் போய்விட்டார். மைவியும் அவருடனேயே போய்விட்டது. வீட்டில் மிஞ்சியிருப்பது அப்பாவின் பழைய பெரோடுவா கஞ்சில் 850 சிறிய கார், கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றுடன் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் உறுப்பு) வைத்தது, ஐந்து கியர் மேனுவல்.

நாள்தோறும் காலையில் அம்மாவைத் தாப்பா சந்தையில் இறக்கிவிட்டு, அங்கிருந்து நான் வேலைக்குப் போகவேண்டும். இந்தச் சிறிய தொலைவுக்குள் குறைந்தது மூன்று முறையாவது இன்ஜின் நின்றுவிடுகிறது. முதல் இடம், தோட்டத்துச் சாலை முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் போய்ச் சேரும் வாசல். அங்கே சிறிய ஏற்றம் இருக்கிறது. இரு பக்கமும் வாகனம் வராத நேரம் பார்த்துப் புறப்பட வேண்டியிருப்பதால், அவசரத்தில் கால் நடுங்கி, கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடுகிறது. சென்ற வாரம் எனக்குப் பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று வந்து நின்றுகொண்டு, நான் இரண்டாம் முறை சாவியைத் திருப்பும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இரண்டாவது இடம், கோயிலுக்கு எதிரில் உள்ள வேகத்தடை. மூன்றாவது, சந்தைக்கு முன்னால் ஊர்ந்து செல்லும் வரிசை.

அப்பாவிடம் கேட்டால், “கிளட்ச்சை மெதுவாக விடு, தானாக வரும்” என்கிறார். முப்பது ஆண்டுகள் ஓட்டியவருக்குத் தானாக வருகிறது. எனக்கு எவ்வளவு மெதுவாக என்பதே விளங்கவில்லை. மெதுவாகத்தான் விடுகிறேன் என்று நினைக்கும்போதும் நின்றுவிடுகிறது. ஆகவே உங்களிடம் மூன்று கேள்விகள். முதலில் எண்ணெய் கொடுக்க (ஆக்சிலேட்டரை மிதிக்க) வேண்டுமா, முதலில் கிளட்ச்சை விடவேண்டுமா? மெதுவாக என்றால் எத்தனை நொடி? கடைசியாக, இது என் காலின் தவறுதானா, அல்லது இந்தப் பழைய காரிலும் ஏதேனும் குறை இருக்குமா? அடுத்த மாதம் அம்மாவைக் கேமரன் மலையில், ரிங்லெட்டில் உள்ள சித்தி வீட்டுக்கு அழைத்துச் செல்லவேண்டும். இந்த நிலையில் கேமரன் மலைப் பாதையை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

பழைய லோரிக்காரர் எழுதுகிறார்:

மகளே, வணக்கம். உனக்குப் பின்னால் ஹாரன் அடித்தவன் சார்பில் முதலில் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால், நானும் பல ஆண்டுகள் குலை லோரிதான் ஓட்டினேன். ஏற்றத்தில் முன்னால் நிற்கும் கார் பின்னோக்கி உருளுமோ என்ற பயம் லோரிக்காரனுக்கும் உண்டு. அதற்காக அப்படி ஹாரன் அடிப்பது முறையல்ல.

உன் அப்பா சொன்னதில் பிழை இல்லை. அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். கிளட்ச்சை முழுத் தூரமும் ஒரே மெதுவில் விடவேண்டியதில்லை. அடியிலிருந்து பிடிக்கும் இடம் வரைக்கும், அதாவது இன்ஜினின் இழுவை சக்கரத்துக்குப் போய்ச் சேரத் தொடங்கும் இடம் வரைக்கும், வேகமாகவே விடலாம். அந்தப் பகுதியில் ஒன்றும் நடப்பதில்லை. பிடிக்கும் இடம் வந்ததும் பாதத்தை அப்படியே நிறுத்தவேண்டும். மெதுவாக்குவதன்று, நிறுத்துவது. கார் நகரத் தொடங்கிய பிறகும் ஓரிரு நொடிகள் அங்கேயே நிறுத்தி வைத்து, அதன்பின் மிச்சத்தை விடவேண்டும். புதிதாக ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு என்னவென்றால், கார் நகர்ந்துவிட்டது என்று தெரிந்த அந்த மகிழ்ச்சியில், வேலை முடிந்ததாக எண்ணிக் காலைச் சட்டென்று எடுத்துவிடுவார்கள். இன்ஜின் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

பிடிக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. காதாலும் இருக்கையாலும்தான் அறியவேண்டும். இன்ஜினின் ஓசை சற்றுத் தணிந்து கனத்துப் போகும். கியர்க் கம்பி லேசாக அதிரும். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் காரின் மூக்கு ஒரு விரல் அளவு தூக்கும். இந்த மூன்றில் ஒன்றையாவது உடம்பு தெரிந்துகொள்ளும்வரை சாலைக்குப் போகாதே. உங்கள் தோட்டத்தில் பெரட்டுக் களம், காலையில் தொழிலாளர்கள் கூடும் இடம், இருக்கும் அல்லவா? வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரம் முடிந்து களம் காலியானதும், தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அங்கே போ. திடலின் புல் தரையில் பழகாதே. புல்லும் ஈர மண்ணும் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். முதல் கியரில் போட்டு, எண்ணெயே கொடுக்காமல், கிளட்ச்சை மட்டும் பிடிக்கும் இடம் வரை கொண்டுவந்து காரை நகரவிடு. இரண்டு அடி நகர்ந்ததும் மறுபடியும் மிதித்து நிறுத்து. இதை நாற்பது, ஐம்பது முறை செய். எனக்கு லோரி ஓட்டக் கற்றுத்தந்த மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்), எண்ணெய்ப் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகிவைத்துவிட்டு, ஒரு காலை நேரம் முழுக்க என்னைக் கிளட்ச்சை வைத்தே லோரியை நகர்த்தச் சொன்னார். ஏழு டன் லோரியே எண்ணெய் இல்லாமல் நகரும்போது கஞ்சில் நகராதா?

இன்னொன்று. வீட்டுச் சிலிப்பரைப் போட்டுக்கொண்டு ஓட்டாதே. பெடலின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். குதிகால் தரையில் ஊன்றி இருக்கவேண்டும். பாதம் அந்தக் குதிகாலைச் சுற்றி எழும்பவேண்டும். காலை மொத்தமாகத் தூக்கிப் பிடித்தால் தொடை நடுங்கும். தொடை நடுங்கினால் கார் குதிக்கும். கிளட்ச்சை அடிவரை மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும் அளவுக்கு இருக்கையை முன்னே இழுத்துக்கொள். உயரம் போதவில்லையென்றால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்துக்கொள்வதில் வெட்கம் இல்லை.

பட்டறைப் பையன் எழுதுகிறார்:

லோரிக்கார ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால், லோரி எண்ணெய் இல்லாமல் நகர்கிறது, ஆகவே கஞ்சிலும் நகரும் என்ற ஒப்பீட்டை மட்டும் ஏற்க முடியவில்லை. பட்டறைக்கு வரும் பலர் இதே குழப்பத்தில் இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஐயா தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பழைய டீசல் லோரியின் பம்பில் கவர்னர் என்றோர் உறுப்பு இருக்கிறது. இன்ஜினின் சுற்று குறையத் தொடங்கினாலே, ஓட்டுநர் கால் வைக்காமலேயே, அது கூடுதல் டீசலை அனுப்பிச் சுற்றைத் தாங்கிப் பிடிக்கும். ஐயா எண்ணெய் கொடுக்கவில்லை. அவருக்காகக் கவர்னர் கொடுத்துக்கொண்டிருந்தது. புதிய பெட்ரோல் கார்களிலும் இதையொத்த வேலையைக் கணினி ஓரளவுக்குச் செய்கிறது. பயிற்சிப் பள்ளிக் காரில் சுலபமாகப் புறப்பட்டவர்கள் வீட்டுப் பழைய காரில் திணறுவதற்கு அதுவும் ஒரு காரணம். கார்பரேட்டர் கஞ்சிலில் இந்த இரண்டும் இல்லை. சுற்று குறைந்தால் குறைந்ததுதான். மேலும், அது மூன்று சிலிண்டர் கொண்ட 847 சிசி இன்ஜின்; கார் எடை குறைவு என்றாலும், வெறும் ஐட்லிங்கில், அதாவது எண்ணெய் கொடுக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, அதற்கு இருக்கும் இழுவை மிகச் சொற்பம். கஞ்சில் என்றால் மலாயில் சருகுமான்; சருகுமானின் பெயரை வைத்துவிட்டு யானையின் வேலையை எதிர்பார்க்க முடியாது.

இப்போது சகோதரியின் ‘எத்தனை நொடி’ என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு நொடிக் கணக்கைவிட வேகக் கணக்கே சரியான விடை. ஐட்லிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 முதல் 900 சுற்று ஓடுகிறது. முதல் கியரில், கிளட்ச் முழுவதும் பிடித்த நிலையில், அந்தச் சுற்றுக்கு ஈடான காரின் வேகம் மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர். அதாவது, வேக நடை நடக்கும் ஒரு மனிதரின் வேகம். நின்றுகொண்டிருக்கும் காரின் வேகம் பூஜ்யம். இந்தப் பூஜ்யத்துக்கும் அந்த ஐந்துக்கும் இடையில் உள்ள வேறுபாட்டை விழுங்கிக்கொள்வதற்காகத்தான் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. கார் நடைவேகத்தை எட்டுமுன் நீங்கள் காலை எடுத்துவிட்டால், தட்டு வழுக்காமல் இறுகப் பற்றிக்கொள்ளும். மெதுவாகச் சுழலும் சக்கரம் இன்ஜினையும் தன் வேகத்துக்கு இழுத்துக் கீழே கொண்டுவந்துவிடும். 300, 400 சுற்றில் இந்த இன்ஜின் எரிந்து ஓட முடியாது; குலுங்கி நிற்கும். ஆகவே சமதரையில் ஒன்றரை நொடி போதும், ஏற்றத்தில் மூன்று நொடி ஆகலாம், அம்மாவும் சந்தைப் பையும் சேர்ந்திருந்தால் இன்னும் சற்று ஆகலாம். கார் நடக்கிறதா என்று ஜன்னல் வழியே தரையைப் பாருங்கள். நடக்கும் வேகம் வந்தபின் காலை எடுங்கள்.

எண்ணெய் முதலா, கிளட்ச் முதலா என்பதற்கு என் பதில்: இந்தக் காருக்கு, பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னதாகவே சிறிதளவு எண்ணெய் கொடுத்து, அந்த அளவை மாற்றாமல் வைத்துக்கொண்டு கிளட்ச்சை விடுங்கள். சுற்றுக் காட்டும் மீட்டர் உங்கள் காரில் இல்லையென்றால் காதால் அளந்துகொள்ளலாம்; ஐட்லிங் ஓசையைவிட ஒரு பங்கு உயர்ந்த, அலறாத ஓசை. அலறினால் தட்டு தேயும், எரிந்த நாற்றம் வரும். ஐயா சொன்ன எண்ணெய் இல்லாத பயிற்சியும் பயனுள்ளதுதான். ஆனால் ஏர்கோனை (குளிர்சாதனத்தை) அணைத்துவிட்டு, இன்ஜின் சூடேறிய பிறகு, சமமான சிமெண்டுத் தரையில் மட்டும் செய்யுங்கள். அப்போதும் நின்றுவிட்டால் உங்கள் காலை நொந்துகொள்ள வேண்டாம்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சில சோதனைகளைச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். கிளட்ச்சை முழுவதும் மிதித்தபடி சமிக்ஞை விளக்கை நோக்கி வரும்போதோ, நியூட்ரலில் சும்மா நிற்கும்போதோ இன்ஜின் நிற்கிறதா? அப்படியானால் உங்கள் காலுக்கும் அதற்கும் தொடர்பில்லை; ஐட்லிங் திருகு தாழ்ந்திருக்கலாம், கார்பரேட்டரின் சிறு துளையில் அழுக்கு அடைத்திருக்கலாம், வெற்றிடக் குழாய் ஒன்று வெடித்துக் காற்று உறிஞ்சலாம். ஏர்கோனைப் போட்டவுடன் ஓசை தணிந்து நடுங்குகிறதா? நல்ல நிலையில் உள்ள கஞ்சிலில், கம்ப்ரசர் பிடிக்கும் நேரத்தில் சுற்றைத் தூக்கிவிடும் ஓர் அமைப்பு வேலை செய்யவேண்டும். பின்னோக்கிச் செல்லும் கியரைப் போடும்போது கரகரவென்று பல் உரசுகிறதா? கிளட்ச் தரைக்கு மிக அருகிலேயே பிடித்துவிடுகிறதா? கடைசி இரண்டும் இருந்தால் எனக்கு ஓர் ஊகம் உண்டு, இப்போது சொல்லமாட்டேன்.

பழைய லோரிக்காரர் எழுதுகிறார்:

தம்பி சொன்ன கவர்னர் செய்தி உண்மைதான். அந்த மரக்கட்டைப் பயிற்சியில் இத்தனை காலமும் பெருமை முழுவதையும் என் காலுக்கே எழுதிக்கொண்டிருந்தேன். பாதிப் பெருமை பம்புக்குப் போகட்டும். இருந்தாலும், எண்ணெய் கொடுத்துப் பழகத் தொடங்குபவர்கள், கிளட்ச்சின் குறையை எண்ணெயால் மறைத்துக்கொள்ளப் பழகிவிடுவார்கள் என்பதையும் மறுக்க முடியாது. என் தங்கை மகன் அப்படித்தான் ஒவ்வொரு முறையும் விமானம் போலச் சத்தம் எழுப்பிப் புறப்படுவான்; இரண்டே ஆண்டில் கிளட்ச் தட்டு மாற்றவேண்டி வந்தது. ஆகவே, மகளே, எண்ணெய் இல்லாமல் ஒரு மணி நேரம், எண்ணெயுடன் ஒரு மணி நேரம் என்று இரண்டையும் செய்.

தோட்டத்து வாசல் எழுதுகிறார்:

ஐயாவுக்கும் பட்டறை அண்ணாவுக்கும் மிக்க நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால், அப்பாவுடன் பெரட்டுக் களத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பழகினேன். தோட்டத்துப் பிள்ளைகள் ஆயாக்கொட்டகை (குழந்தைகள் காப்பகம்) திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை இன்ஜின் நின்றபோதும் கைதட்டினார்கள். பதினேழு வரைக்கும் எண்ணினார்கள் என்று பிறகு தெரிந்தது.

பாதத்தை நிறுத்துவது என்ற ஒரு வார்த்தை எனக்குப் பெரிய உதவி. இதுவரை நான் முழுத் தூரத்தையும் ஒரே மெதுவில் விட்டு, கடைசியில் பொறுமை இழந்து எடுத்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போது தெரிகிறது. தரையைப் பார்த்து நடைவேகத்தைக் கணக்கிட்டபோது, நான் காலை எடுத்த நேரமெல்லாம் கார் ஆமை வேகத்தில்தான் இருந்தது.

சோதனைகளின் முடிவு இது. நியூட்ரலில் நிற்கும்போது இன்ஜின் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஏர்கோனைப் போட்டால் ஓசை ஒரு கணம் தணிந்து, பிறகு தானாக உயர்ந்துவிடுகிறது. ஆனால் பின்னோக்கிச் செல்லும் கியர் ஒவ்வொரு முறையும் கரகரக்கிறது. அப்பா, “எப்போதுமே அப்படித்தான், கொஞ்சம் பொறுத்துப் போட்டால் சரியாகிவிடும்” என்கிறார். கிளட்ச்சும் தரையிலிருந்து மிகக் குறைந்த உயரத்திலேயே பிடித்துவிடுகிறது. இன்னொன்றையும் கவனித்தேன். கிளட்ச்சை முழுவதும் மிதித்திருக்கும்போதே, முதல் கியரில் போட்டவுடன் கார் லேசாக முன்னே தள்ளுகிறது.

வேகத்தடையில் இன்னும் நிற்கிறது. அங்கே நான் இரண்டாம் கியரில் போகிறேன்; முதல் கியருக்கு மாற்ற முயன்றால் கியர் உள்ளே போக மறுக்கிறது.

பட்டறைப் பையன் எழுதுகிறார்:

என் ஊகம் சரியாகிவிட்டது. கிளட்ச் கேபிள் தளர்ந்திருக்கிறது. கஞ்சிலின் கிளட்ச் கேபிளால் இயங்குவது. கேபிள் நாளடைவில் நீண்டு தளரும்போது, நீங்கள் பெடலைத் தரைவரை மிதித்தாலும் தட்டு முழுவதும் விடுபடுவதில்லை. ஒரு பகுதி உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசலால்தான் கார் முன்னே தள்ளுகிறது, பின்னோக்கிச் செல்லும் கியர் கரகரக்கிறது, பிடிக்கும் இடமும் தரைக்கருகில் வந்துவிட்டது. பெடல் பயணத்தின் கடைசி ஓரத்தில் பிடிக்கும் கிளட்ச்சை நிதானமாகக் கையாள்வது பழகியவர்களுக்கே கடினம். உங்கள் அப்பா பல ஆண்டுகளாக அதனுடன் சேர்ந்தே பழகிவிட்டதால் அவருக்குக் குறை தெரியவில்லை.

கேபிளின் முனையில் உள்ள நட்டைத் திருகி இறுக்கினால் போதும். பத்து நிமிட வேலை. நெடுநாள் தெரிந்த பட்டறையாக இருந்தால் காப்பிக் காசு வாங்கிக்கொண்டு செய்து தருவார்கள். ஆனால் அளவுக்கு மேல் இறுக்கவிடாதீர்கள். பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தால், கனம் தெரிவதற்கு முன் சிறிது தளர்வு இருந்தே ஆகவேண்டும். தளர்வே இல்லாமல் இறுக்கினால் தட்டு எப்போதும் பாதி வழுக்கிய நிலையில் இருந்து தேய்ந்துவிடும். கேபிளின் இழைகள் பிரிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்; பிரிந்திருந்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்றிவிடவேண்டும். மலைப்பாதையில் அறுந்த கேபிள் எந்தப் பயிற்சிக்கும் அடங்காது.

இறுக்கிய பிறகு தட்டின் நிலையையும் ஒரே நிமிடத்தில் சோதித்துவிடலாம். சமதரையில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, நான்காம் கியரில் கிளட்ச்சை விடச் சொல்லுங்கள். இன்ஜின் உடனே நிற்கவேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். இன்ஜின் நின்றால் மகிழ்ச்சி அடையவேண்டிய ஒரே சமயம் இதுதான்.

ரிங்லெட் அக்கா எழுதுகிறார்:

தங்கை, உன் சித்தியின் ஊரிலிருந்துதான் எழுதுகிறேன். காய்கறித் தோட்டத்துக்கும் பள்ளிக்குமாகப் பத்தாண்டுகளுக்கு மேல் மேனுவல் ஓட்டுகிறேன். தாப்பாவுக்கு மாதம் இருமுறையாவது இறங்கி ஏறுவேன். வேகத்தடையையும் ஏற்றத்தையும் பற்றி ஆண்கள் யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

வேகத்தடையில் உனக்கு நேர்வது புறப்படும் பிழை அன்று, தணியும் பிழை. தம்பி சொன்ன கணக்கையே வைத்துப் பார். இரண்டாம் கியரில் ஐட்லிங்குக்கு ஈடான வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவு. அதற்கும் கீழே பிரேக் பிடித்துவிட்டு, கிளட்ச்சை மிதிக்காமல் மேட்டில் ஏறினால் இன்ஜின் திணறத்தான் செய்யும். வேகத்தடைக்குப் பத்து அடி முன்பே பிரேக்கை முடித்துவிடு. கார் நடைவேகத்துக்கு வந்துவிட்டால் கிளட்ச்சை மிதித்துக்கொண்டே முன்சக்கரத்தை மேட்டில் ஏறவிட்டு, இறங்கியதும் லேசாக எண்ணெய் கொடுத்து, இரண்டாம் கியரிலேயே பிடிக்கும் இடத்தில் பாதத்தை நிறுத்தி, பிறகு கிளட்ச்சை விடு. நின்றே போய்விட்டால் மட்டும் முதல் கியர். ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியர் உள்ளே போக மறுப்பது இந்த வகைக் கார்களுக்கு இயல்பு, அடித்துத் திணிக்காதே. சந்தை வரிசையிலும் ஒவ்வொரு மீட்டருக்கும் நகராதே. முன்னால் இரண்டு கார் அளவு இடம் விழும்வரை காத்திருந்து ஒரேயடியாக நகர். பத்துமுறை புறப்படவேண்டிய இடத்தில் மூன்றுமுறை புறப்பட்டால், நிற்பதற்கான வாய்ப்பும் மூன்றுதான்.

உங்கள் தோட்ட வாசலில் ஹேண்ட்பிரேக்கை நம்பு. உரிமச் சோதனையில் மேட்டில் நிறுத்தி எடுத்தாயே, அதே முறைதான். சோதனை முடிந்ததும் எல்லோரும் அதை மறந்துவிட்டு, காலை பிரேக்கிலிருந்து எண்ணெய்க்குத் தாவவிட்டுப் பார்க்கிறோம். அந்தத் தாவலில்தான் கார் பின்னே உருளுகிறது. உருளுகிறதே என்ற பயத்தில் கிளட்ச்சை விட்டுவிடுகிறோம். ஹேண்ட்பிரேக்கை மேலே இழுத்து, அதன் பொத்தானை விரலால் அழுத்திக்கொண்டே, எண்ணெயைச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து, கிளட்ச்சைப் பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுவா. மூக்கு தூக்கி, ஓசை கனத்ததும், ஹேண்ட்பிரேக்கை இறக்கு. கார் இப்போது முன்னேயும் போகாது, பின்னேயும் போகாது. ஒரு கணம் தொங்கும். அந்தத் தொங்கலை நீ ஒருமுறை உணர்ந்துவிட்டால், பின்னால் லோரி நிற்பதே உனக்கு மறந்துவிடும். ஆனால் சாலை காலியாகும்வரை அப்படியே தொங்கவிட்டுக் காத்திருக்காதே, தட்டு எரியும். காத்திருக்கும் நேரமெல்லாம் ஹேண்ட்பிரேக், புறப்படும் நேரத்துக்கு மட்டும் கிளட்ச்.

மலைப்பாதைக்கு வருவோம். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரை சுமார் 45 கிலோமீட்டர், 59-ஆம் எண் சாலை. வளைவுகள் அதிகம் என்றாலும் ஓடிக்கொண்டிருக்கும்வரை இன்ஜின் நிற்காது. இரண்டிலும் மூன்றிலும் மாறி மாறிப் போகலாம். ஓசை கனக்கத் தொடங்கியவுடனே, வளைவுக்குள் நுழையுமுன், கீழ்க் கியருக்கு மாறிவிடு; வளைவின் நடுவில் மாற்றப் போனால் கைக்கும் காலுக்கும் சண்டை வரும். உனக்குச் சோதனை லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு அருகில்தான். விடுமுறை நாள்களில் அங்கே கார்களும் பேருந்துகளும் ஓரம்கட்ட, சாலை அடைத்துக்கொண்டு ஏற்றத்திலேயே நின்று நின்று நகரவேண்டியிருக்கும். வார நாளில், காலையிலேயே புறப்பட்டு வா. பிற்பகலில் மலையில் மழையும் பிடித்துக்கொள்ளும்.

அப்படியும் நின்றுவிட்டால், முதலில் சாவிக்குப் போகாதே. பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொள், ஹேண்ட்பிரேக்கை இழு, அவசர விளக்கைப் போடு, கிளட்ச்சை மிதி, கடைசியில்தான் சாவி. பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. இன்ஜின் நின்றபின் பிரேக்குக்குத் துணைபுரியும் வெற்றிடம் ஓரிரு மிதிகளுக்குத்தான் தாங்கும். அதன்பின் பெடல் கல்லாகிவிடும்.

பட்டறைப் பையன் எழுதுகிறார்:

அக்கா சொன்னதுடன் ஒன்றே ஒன்று. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இழுவை குறையும். ரிங்லெட் ஆயிரம் மீட்டருக்கு மேலே உள்ள ஊர். ஆகவே தாப்பாவில் போதுமாக இருந்த எண்ணெய் அளவு அங்கே போதாது. ஏற்றத்தில் நின்று புறப்படும்போது ஏர்கோனை அணைத்துவிடுங்கள். மலையில் அது தேவையும் இல்லை.

தோட்டத்து வாசல் எழுதுகிறார்:

கேபிளை இறுக்கியாயிற்று. இழைகள் இரண்டு பிரிந்திருந்ததால் புதிதாகவே மாற்றிவிட்டார்கள். நான்காம் கியர்ச் சோதனையில் இன்ஜின் உடனே நின்றது, நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். பின்னோக்கிச் செல்லும் கியர் இப்போது சத்தமில்லாமல் விழுகிறது. வேடிக்கை என்னவென்றால், பிடிக்கும் இடம் மேலே போய்விட்டதால் பட்டறையிலிருந்து வீட்டுக்கு ஓட்டிவந்த அப்பா இரண்டு முறை இன்ஜினை நிறுத்திவிட்டார். நான் ஒன்றும் பேசவில்லை.

இந்த வாரம் திங்கள் முதல் வியாழன் வரை வாசல் ஏற்றத்தில் ஒருமுறைகூட நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை சந்தைக்கு முன்னால் ஒருமுறை நின்றது. அது என் தவறுதான், மூன்றாம் கியரில் புறப்படப் பார்த்தேன். அக்கா, அடுத்த மாதம் இரண்டாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வரலாம் என்று அம்மா சொல்கிறார்.

ரிங்லெட் அக்கா எழுதுகிறார்:

செவ்வாய் நல்லது, காய்கறி லோரிகள் பெரும்பாலும் மாலையில்தான் இறங்கும். காலை ஏழு மணிக்குத் தாப்பாவைத் தாண்டிவிடு. அப்பாவையும் முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு வா, ஆனால் ஹேண்ட்பிரேக்கின் மேல் அவர் கை வைக்காமல் பார்த்துக்கொள்.